அப்பா நம்பர்

எங்கள் ஊரில் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பார்த்தால் ஒரு பெண் பிள்ளைகூட இருக்க மாட்டாள். எல்லாம் மீசை வைத்த ஆட்களின் படங்கள். ஒருவர் கோழிப்பண்ணை வாசலில் நிற்பார். இன்னொருவர் வெள்ளை வேட்டியில் கல்யாண மண்டபத்தில் நிற்பார். "மிஸ், நாலாவது கணக்கு எனக்கு வரலைங்க" என்று அந்த மீசைகள் கேட்கும். "நாளைக்கு வகுப்புல கேளு கண்ணு" என்று டீச்சர் பதில் போடுவார்.

அவருக்கு இது பழகிப்போன விஷயம். ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பக்கத்தில், வயசுக்கு வந்த பெண்ணின் நம்பர் என்று ஒன்று கிடையாது. அப்பா நம்பர்தான். படம் அப்பாவுடையது, பெயர் அப்பாவுடையது, கேள்வி மட்டும் மகளுடையது. யாரும் கூடிப் பேசி வைத்த சட்டமில்லை. ஆனாலும் எல்லா வீட்டிலும் இதுதான் சட்டம். இதைப் படிக்கும் பிள்ளைகளே, உங்களில் சிலருக்கு இது வேடிக்கையாக இருக்கும். சிலருக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றி ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ மில்களுக்கு லாரி ஓட்டுகிறேன். அந்த மில்களில்தான் கிழங்கு ஜவ்வரிசி ஆகிறது. வண்டியில் பேச எனக்கொரு பட்டன் போன் போதும். பெரிய போன் வீட்டில் மகளிடம் இருந்தது. அதில் என் நம்பர், லாரிக்கு முன்னால் நான் கை கட்டி நிற்கும் படம்.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது அறிவியல் டீச்சர் ஒரு லிங்க் அனுப்பினார். வெளியூர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்திய குரூப் அது. பல மாவட்டத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அங்கே யாரும் பாடம் நடத்தமாட்டார்கள். வாரம் ஒரு கேள்வி வரும். பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே தேடிப் பார்த்து, படம் எடுத்துப் போட்டு, ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு விடை கண்டுபிடிக்க வேண்டும். நான் படித்த காலத்தில் பக்கத்துப் பையனைக் கேட்டு எழுதினால் பிரம்படி விழும். இங்கே அதுதான் படிப்பு என்றார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், பிள்ளைக்கு மாமன் முறை, அவர்தான் எங்கள் வீட்டில் இந்த மாதிரி விஷயங்களுக்குத் தீர்ப்பு சொல்கிறவர்.

"படிக்கட்டும் மாப்ள, ஆரு வேண்டாங்கறா? ஆனா போட்டோ போகக்கூடாது, குரல் போகக்கூடாது, பேரு போகக்கூடாது. நாளைக்கு எவனாச்சும் அதை வெச்சு என்னமாச்சும் பண்ணிப்போட்டான்னா, கட்டிக் குடுக்கறப்ப நீயா பதில் சொல்லுவ?"

என் மனைவி தலையாட்டினாள். மகள், "டைப் பண்ணலாமுங்களா மாமா?" என்று கேட்டாள். "அது பண்ணிக்க சாமி" என்றார் பெரிய மனசோடு.

ஒரு வாரம் கேள்வி, உங்கள் ஊர்க் கழிவுத் தண்ணீர் என்ன ஆகிறது என்பது. மகள் கிழங்கைத் துருவிக் கழுவிய தண்ணீரைப் பாட்டில்களில் ஊற்றி, சிலதை வெயிலிலும் சிலதை நிழலிலும் வைத்தாள். வெயிலில் இருந்தது சீக்கிரம் புளித்து மூடியைத் தள்ளியது. மொட்டை மாடி முழுக்க மில் வாசம். "ஊட்டையே சேகோ மில்லு ஆக்கிப்போட்டா உங்க மவ. நாளைக்கு லாரிய இங்கயே கொண்டாந்து நிறுத்துங்க" என்றாள் மனைவி.

அதே குரூப்பில் குமாரபாளையத்திலிருந்து ஒரு பிள்ளை. அந்த நம்பரில் மாரியம்மன் படம் இருந்தது. அவள் சாயப்பட்டறைச் சாக்கடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்திருந்தாள். "உன் பாட்டில்ல மாவு அடியில தங்குது, என் பாட்டில்ல சாயம் தங்கவே மாட்டேங்குது, ஏன்?" என்று கேட்டிருந்தாள். இருவரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதந்து அடியில் தங்குவது, இன்னொன்று தண்ணீரோடு கரைந்தே போவது. புத்தகத்தில் அந்தப் பாடம் முன்பே இருந்ததாம். மகள் சொன்னாள்: "படிச்சப்ப மார்க்குக்குப் படிச்சனுங்கப்பா. இப்பத்தான் அது என்னன்னு தெரியுது." அவள் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

குரூப்பை நடத்துகிறவர்கள் அந்தப் பாட்டில் சோதனையை எல்லோருக்கும் விளக்கிச் சொல்லும்படி அவளைக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ கூட்டம். எழுதியே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பாட்டில்களின் படங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே போட வேண்டிய வரிகளைத் தயார் செய்து வைத்திருந்தாள். நானும் அன்று வண்டி எடுக்கவில்லை. மச்சான் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு வந்திருந்தார்.

போனில் கட்டம் கட்டமாகப் பிள்ளைகளின் முகங்கள். எங்கள் கட்டம் மட்டும் கறுப்பு. அதில் என் பெயர்.

கூட்டத்தை நடத்திய இளைஞர், "வணக்கம் சார், நீங்க யாரு?" என்றார்.

பாட்டில் சோதனை செய்த மாணவி நான்தான் என்று மகள் டைப் செய்தாள்.

"அப்படின்னா கேமரா போடும்மா. இல்லைன்னா ஒரு வார்த்தை பேசு."

முடியாதுங்க அண்ணா, வீட்டில்... என்று அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கட்டத்திலிருந்து ஒரு அம்மாவின் குரல் வந்தது. "சார், இந்த ஆளுதான். லாரி முன்னாடி நிக்கற போட்டோ. என் பொண்ணு எது போட்டாலும் கீழ வந்து பதில் போட்டுட்டே இருக்காரு. ஒரு நாள்கூடப் பேசினதில்ல. என்ன ஆளுன்னே தெரியல."

மகள் மைக் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, பேசட்டுங்களா?"

நான் தலையாட்டினேன். அவள் விரல் பொத்தானில் பட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் மச்சான் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"ஆரப்பா நீ? வயசுப் புள்ள மூஞ்சியக் காட்டச் சொல்றதுக்கு? உன்ற ஊட்டுல இருக்கறவளக் காட்டச் சொல்லு பாக்கலாம்!"

மாணவி என்று எழுதிய கட்டத்திலிருந்து ஐம்பது வயது ஆம்பளைக் குரல். அவ்வளவுதான். கூட்டத்திலிருந்து தள்ளிவிட்டார்கள். குரூப்பைத் திறந்தால் நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்று இருந்தது. "பாத்தியா மாப்ள, நல்ல எடமா இருந்தா இப்படியா?" என்று மச்சான் சாப்பிட உட்கார்ந்தார். மகள் மாடிக்குப் போய், பாட்டில்களைக் கவிழ்த்துக் கழுவி வைத்தாள்.

டீச்சரிடம் நம்பர் வாங்கி அந்த இளைஞரைக் கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணா, உங்க மேல தப்புன்னு சொல்லல. யாருன்னு தெரியாத பெரியவங்க பசங்க குரூப்ல இருக்கக்கூடாது. பசங்க பாதுகாப்புக்குத்தான் அந்த விதி. பொண்ணு அவ பேர்ல, அவ குரல்ல வரட்டும். அடுத்த வருஷம் கண்டிப்பா சேர்த்துக்கறோம்."

"அடுத்த வருசம் அவ பத்தாவதுங்க" என்றேன். பத்தாவது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். "சாரிங்க அண்ணா" என்றார்.

அவர் மேல் நான் எப்படிக் கோபப்படுவது? முகம் தெரியாத ஒரு லாரிக்காரன் என் மகளோடு தினமும் பேசினால் நானும் அந்த அம்மாவைப் போலத்தான் கத்தியிருப்பேன். மச்சானைக் கேட்டால் அவரும் பாதுகாப்புக்கு என்றுதான் சொல்வார். எல்லோருமே என் மகளைப் பாதுகாத்தார்கள். பாதுகாத்துப் பாதுகாத்து அவளை எங்கேயும் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

அடுத்த லீவு நாளில் அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். ஆத்தூர் ரோட்டில் லோடு இறக்கக் காத்திருந்தபோது, "குமாரபாளையத்துப் புள்ளகிட்டயாவது நான் நாந்தான்னு சொல்லட்டுங்களா?" என்றாள். "உன்ற வாயாலயே சொல்லு அம்மிணி" என்றேன். கேபினில் உட்கார்ந்து மைக்கை அழுத்தினாள். முதல் தடவையாகத் தன் பெயரைச் சொன்னாள், வகுப்பைச் சொன்னாள். "அது எங்கப்பா போட்டோ. நான் பொண்ணுதான். சாயம் ஏன் தங்கலைன்னு நீ கேட்டது இன்னும் முடியலை" என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரு டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் விழவில்லை.

"போன் ஆஃப்ல இருக்கும் சாமி" என்றேன்.

வீட்டுக்கு வந்தும் ஒரு டிக்தான். மறுநாளும் அதேதான். அப்போதுதான் பார்த்தோம், மாரியம்மன் படமும் இல்லை, அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் வெறும் தலை தெரிந்தது.

"பிளாக் பண்ணிட்டாங்கப்பா."

"அந்தப் புள்ளயா?"

"அவ பண்ணியிருக்க மாட்டாங்கப்பா. அவங்கப்பாவா இருக்கும். அதுவும் அப்பா நம்பர்தானுங்களே."

பிறகு ஒரு நாள் நானே போனை வாங்கி என் லாரிப் படத்தை எடுத்துவிட்டேன். மச்சான் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று, "உன்ற படத்தை வெச்சுக்க, பேரையும் போட்டுக்க" என்று அவளிடம் நீட்டினேன்.

அவள் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஆரு பாக்கறதுக்குங்கப்பா?" என்றாள்.