காளையின் ரத்தத்தில் நின்ற மருந்து

விருதுநகரில் வத்தல், பருப்பு வியாபாரிகள் சேர்ந்து நடத்திய மாட்டாஸ்பத்திரிக்கு, ரத்தம் பார்க்கும் வேலைக்காக ஞானஜோதி வந்தது அறுபத்து மூன்றாம் வருஷம். ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அவள் கண்டுசொல்ல வேண்டும். தெளியவைத்த ரத்தத்தில் ஒரு சொட்டைக் காகிதப் பட்டையில் இட்டு, கண்ணாடி ஜாடிக்குள் தொங்கவிடுவாள். அடியிலிருக்கும் பியூட்டனால் என்ற நெடியடிக்கும் திரவம் காகிதத்தில் ஊறி ஏறும்போது, மருந்து தனியாகப் பிரிந்து ஓரிடத்தில் தங்கும். ரசாயனம் தெளித்தால் மஞ்சள் புள்ளியாகத் தெரியும். அளவு தெரிந்த புள்ளிகளோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

பியூட்டனால் நாற்றம் எத்தனை துவைத்தாலும் சேலையை விட்டுப் போகவில்லை. சர்ச்சில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வீட்டுக்காரம்மாள் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அங்கே ஊசி போடும் மாட்டு டாக்டர் சங்கரலிங்கம் மட்டும் முகம் சுளிக்காமல் எதிரே அமர்ந்து டீ குடிப்பார். அந்தக் கொஞ்ச நேரப் பேச்சுக்காகத்தான் அவள் அந்த ஊரில் இருந்தாள்.

சிவகாசிக்குக் காகித லோடு ஏற்றும் வண்டிக்காரர் செல்லச்சாமியின் காளைக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் தினமும் சல்பா என்ற மருந்தை ஊசியில் போட்டார். காளை மூத்திரம் கட்டிச் செத்துப்போனது. நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்ல, செல்லச்சாமியும் நம்பிக்கொண்டு போனார்.

சாவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் புள்ளி அகலமாக, அடர்த்தியாக வந்தது. திரும்பவும் செய்து பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. சொல்லாமல் இருந்தால் நாளைக்கும் அவர் டீ குடிக்க வருவார் என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"மருந்து ரெண்டு மடங்கு நிக்குது, டாக்டர். அதுதான் மூத்திரத்தக் கட்டியிருக்கு."

அவர் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இளைச்சுப்போன மாடு. பழைய எடையை மனசுல வச்சுப் போட்டுட்டேன். இதைச் சொல்லித்தான் ஆகணுமா?"

"அடுத்த மாட்டுக்கும் இப்படித்தான போடுவீக?"

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நேரே செல்லச்சாமி வீட்டுக்குப் போய்த் தன் தவறுதான் என்று சொன்னார். விஷயம் தெரிந்ததும் நிர்வாகிகள் அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். ஊரைவிட்டுப் போகும்போது அவள் அறைப்பக்கம் அவர் வரவில்லை.

பிறகு எந்த மாட்டையும் எடை பார்த்துத்தான் ஊசி போட்டார்கள். புது டாக்டர் ரத்தக் குப்பியை ஆள் மூலம் கொடுத்தனுப்புவார்.

அடுத்த லோடு சீசனில் செல்லச்சாமி வேறொரு காளையோடு வந்தார். "இதோட ரத்தத்தையும் நீங்களே பாருங்கம்மா," என்றார். அன்றைக்கு வீடு தேடி வந்த பழைய டாக்டர், காளை கிடந்த இடத்தில் நின்று அழுததையும் சொன்னார்.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்க ஞானஜோதிக்கு வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. புது டாக்டர் அவரிடம் கொடுத்தனுப்பிய ரத்தக் குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.