மஞ்சளாக இறங்கின வலி

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனைத் தேடி ஊரே வரும். 'நீ எப்படிப்பா இருக்கே?' என்று கேட்க மட்டும் ஒருத்தரும் வரமாட்டார்கள். கடையில் வேலைக்கு நின்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அறுபதுகளின் கடைசியில், வந்தவாசியிலிருந்து காஞ்சிபுரத்துக்குத் தனியாக வந்து நான் பார்த்த வேலை அது.

மஞ்சள்

பிள்ளையார்பாளையத்து முனுசாமி பட்டு நெய்கிறவர். சம்சாரம் தவறிப்போய் ஒற்றை ஆள். இடுப்புவலிக்கு பி காம்ப்ளெக்ஸ் வைட்டமின் மாத்திரை வாங்குவார், வாங்கிவிட்டு ஒரு மணி நேரம் பேசுவார். அந்த ஊரில் என்னோடு பேசியது அவர் ஒருவர்தான். அந்த மாத்திரை போட்டால் யாருக்குமே சிறுநீர் மஞ்சளாகத்தான் போகும். அது தெரியாமல் ஒருநாள் காதோரம் வந்து, "கம்பவுண்டரே, மருந்து புடிச்சிக்கிச்சிபா! வலி மஞ்ச மஞ்சளா வெளிய போயிக்கினு இருக்குது" என்றார்.

டாக்டர்

சிரிப்பு அடங்கியதும் சந்தேகம் வந்தது. பக்கத்து கிளினிக் டாக்டரிடம், வைட்டமினுக்கு வலி போகும் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சத்து கொறைஞ்சு வர்ற வலின்னா கேக்கும்யா. தறிக்குழியில காலை விட்டுக்கினு நாளெல்லாம் குனிஞ்சா வர்ற வலிக்கு எப்படிக் கேக்கும்?" என்றார்.

பாவு

பிறகுதான் கவனித்தேன். முனுசாமி மாத்திரை வாங்குவதெல்லாம், தறியில் நீளமாக ஏற்றிய ஒரு பாவு நூலை நெய்து முடித்து அறுத்த மறுநாள்! அடுத்த பாவைத் தறியில் ஏற்றும்வரை நாலைந்து நாள் இடுப்புக்கு ஓய்வு. வலி போவது அந்த ஓய்வில்; பேரை மட்டும் மாத்திரை தட்டிக்கொண்டு போனது. என் வாய் சும்மா இருந்ததா? "இந்த வாட்டி மாத்திரை போடாம இருந்து பாருங்க" என்றேன். நாலாம் நாளே ஓடிவந்து, "அட, நெசந்தான்பா! தறி நின்னா வலியும் நின்னுபோவுது" என்றார்.

மூன்று மாதம்

அதோடு அவர் வருவது நின்றது. நியாயம்தானே? எனக்குத்தான் சாயங்காலம் நகரவில்லை. வாசலில் நிழலாடினால் அவரோ என்று எட்டிப் பார்ப்பேன். நானே கெடுத்துக்கொண்டேன் என்று அழுகைகூட வந்தது. மூன்று மாதம் கழித்து எதிர்ச்சாரியில் நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, ஏன் வரவில்லை என்று கேட்டேன். "மாத்திர வேணாம்னு சொல்லிட்டியேபா, வேற இன்னா சாக்கு சொல்லிக்கினு நான் வந்து குந்தறது?" என்றார்.

வைட்டமினுக்கு வலி கேட்குமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், முனுசாமிக்குக் கேட்டதற்கு ஆதாரமில்லை, எனக்குக் கேட்டது என்றுதான் சொல்வேன்.