ஓரகத்தியின் லாவெண்டர்

குரோவேஷியாவின் ஹ்வார் தீவில் பெரினாவின் தோட்டத்துக்கும் அவள் ஓரகத்தி தோப்ரிலாவின் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கல்சுவர்தான். இருவரும் ஒரே வருஷம்தான் லாவெண்டர் நட்டார்கள். ஆனால் அந்தப் பூவைக் காயவைத்து அடைத்து, அலமாரித் துணிகளுக்கு நடுவே வைக்கும் வாசனைப் பைகளை ஊர்ப்பெண்கள் தோப்ரிலாவிடமே கேட்டு வாங்கினார்கள். பெரினாவுக்கு வயிறு எரிந்தது.

ஆகஸ்டில் பூவெல்லாம் அறுத்தாகிவிட்ட ஒரு ஞாயிறு, தோப்ரிலா மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தாள். பெரினா கத்தரிக்கோலோடு சுவரேறிக் குதித்து, அவளுடைய செடிகளின் பச்சைத் தலைகளை ஒன்றுவிடாமல் வெட்டித் தள்ளினாள்.

அடுத்த ஜூனில் அவை இரண்டு மடங்கு அடர்ந்து பூத்தன. வெட்டாமல் விட்ட பெரினாவின் செடிகளோ குச்சி குச்சியாக நின்றன.

“போன வருஷம் யாரோ வெட்டிவிட்டதுலதான்டி இப்படிப் பூத்திருக்கு. என் மருமகனாத்தான் இருக்கும், கைராசிக்காரன்!” என்று தோப்ரிலா சுவருக்கு அப்பால் நின்று பூரித்தாள்.

பூ அவளுக்கு, பேர் மருமகனுக்கா? பெரினாவால் பொறுக்க முடியவில்லை.

“அந்தச் சோம்பேறியா? நான்தான்க்கா வெட்டினேன்!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தோப்ரிலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எதுக்குடி வெட்டினே?”

“பட்டுப்போகட்டும்னுதான்.”

தோப்ரிலா தன் பூக்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“சரி, இந்த வருஷமும் வந்து வெட்டு. வாசல் வழியா வா.”

ஆகஸ்டில் பெரினா போய் வெட்டினாள். முதலில் தன் செடிகளை வெட்டி முடித்துவிட்டுத்தான் போனாள்.