குறுக்கே நின்ற வேன்

செந்துறை சாலையில் எங்கள் பஸ் நிற்கிறது. தூசி பறக்காமல் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குத் தார்ப்பாய் போடச் சொல்லி, பெண்கள் சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரோட்டின் குறுக்கே நிற்பது போலீஸ் வேன் மட்டும்தான். ஒரு போலீஸ்காரர் ஒருத்தியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து அதில் ஏற்றுகிறார். படம் எடுத்தவளின் செல்போனை இன்னொருவர் பிடுங்குகிறார்.

“என்ன கேஸுங்க போடுவாங்க?” பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கேட்கிறேன்.

“ரோட்ட மறிச்சோம்னுதான். சாயங்காலம் வரைக்கும் கல்யாண மண்டபத்துல அடைச்சு வச்சிட்டு வுட்டுருவாங்க. போன மாசம் நானும் உள்ள இருந்தேங்க.”

ஆட்கள் நிறைந்ததும் வேன் கிளம்புகிறது. இன்ஸ்பெக்டர் எங்கள் பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, பின்னால் காத்திருந்த லாரிகளை முதலில் அனுப்புகிறார். ஒன்றிலும் தார்ப்பாய் இல்லை. அவர் கையெடுத்துக் கும்பிடாததுதான் பாக்கி.