இத்தாலியப் பாட்டுக்கு நடுவே ஒரு தூக்கம்

கணவர் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. ஊரில் காரியங்களை முடித்துக்கொண்டு, ஒன்பது வயது மகளின் படிப்பு கெட்டுவிடக் கூடாதென்று அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த எடிசனுக்கே திரும்பி வந்தேன். பழைய இன்சூரன்ஸ் ஆபீஸிலேயே மறுபடி வேலைக்குப் போனேன். எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். தைரியமெல்லாம் இல்லை, எதுவும் உறைக்கவில்லை. சாம்பாரில் உப்பில்லை என்பதுகூட மகள் சொல்லித்தான் தெரியும். படுத்தால் கண் மூடும், தூக்கம் வராது.

ஆபீஸில் என் பக்கத்து மேஜை ஓர் இத்தாலிய அம்மாளுடையது. அறுபது வயதிருக்கும். பெற்றோர் கப்பலில் வந்தவர்கள், இவர் பிறந்தது நியூஜெர்சியில். ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் டிக்கெட் ஒன்றை நீட்டினார்.

“ஞாயிறு மதியம் கச்சேரி. என் தங்கைக்கு முட்டி வலி, வரவில்லை. நீ வா. பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும்” என்றார் ஆங்கிலத்தில்.

பேச வேண்டாம் என்றதால் ஒப்புக்கொண்டேன்.

மகளைக் கீழ்வீட்டுத் தமிழ் ஆன்ட்டியிடம் விட்டேன். “தாராளமா போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன். நெத்தியில ஒரு பொட்டு வெச்சுக்கோ. இங்க யாரு கேக்கப் போறாங்க?” என்றார். வைத்துக்கொண்டேன். வைத்ததும் ஒன்றுதான், வைக்காததும் ஒன்றுதான்.

கச்சேரி ஒரு பழைய தேவாலயத்தில் நடந்தது. வாசிக்கப்போவது பழங்கால இத்தாலியப் பாட்டுகள் என்று கையில் தந்த தாளில் போட்டிருந்தது. யாரோ தனியாகக் கம்பி வாத்தியம் மீட்டிப் பாடியவற்றைப் பிற்காலத்தில் ஒருவர் பெரிய வாத்தியக் குழுவுக்கென்று நான்கு பகுதிகளாகக் கோத்திருக்கிறார். முதல் பகுதி தொடங்கியது. வயலின் வில்கள் ஒன்றாக மேலேறி ஒன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் நினைவில்லை.

கைதட்டலில்தான் விழித்தேன். தலை அந்த அம்மாளின் தோளில் கிடந்தது. அவர் கோட்டில் என் எச்சில் ஈரம். நிமிர்ந்து பார்த்தால் அவர் கன்னம் முழுவதும் கண்ணீர், துடைக்காமல் அப்படியே வழிந்து மோவாயில் நின்றது.

“மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

“மூன்றாவது பகுதி என் அம்மா மாவு பிசையும்போது பாடிய மெட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. கைக்குட்டை பையில் இருந்தது. கையை அசைத்தால் நீ எழுந்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன்.”

அதைக் கேட்டு எனக்கு ஏதாவது பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. ஆனால் பசித்தது. வயிற்றைக் கிள்ளுகிற பசி, ஏழு வாரத்தில் முதல் தடவை. அதை அவரிடம் சொன்னேன். வழியில் டைனர் என்கிற சாலையோர உணவகம் ஒன்றில் காரை நிறுத்தினார். சீஸ் வைத்து வாட்டிய ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தன. வேகவேகமாகச் சாப்பிட்டேன்.

“அந்த மெட்டு எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.

மேஜையில் விரலால் தாளம் போட்டு, மெல்லிய குரலில் பாடிக் காட்டினார். நான் தட்டைப் பார்த்தபடி மிச்ச வறுவலையும் தின்று முடித்தேன். அவர் தம் தட்டையும் என் பக்கம் நகர்த்திவிட்டு, பாட்டை நிறுத்தாமல் தொடர்ந்தார்.