மூன்றாம் பாகம் ஸ்டெல்லா அக்கா வீட்டில்

ஆக்ஸா பிளேடு புத்தகத்தின் முதுகில் இறங்கும்போது காய்ந்த பசை பொடிந்து ஒரு புளிப்பு வாடை கிளம்பும். மாதம் பிறந்துவிட்டது என்று எனக்குத் தெரிவது அந்த வாடையில்தான். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருந்த எங்கள் ‘லைன் ஊட்டில்’, பஸ் ஸ்டாப் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவலை நாங்கள், ஸ்டெல்லா அக்கா, கஸ்தூரி அக்கா என்று மூன்று வீடுகள் பங்கு போட்டு வாங்கும். கம்பெனியில் உடைந்துபோன இரும்பறுக்கும் பிளேடுக்குத் துணி சுற்றிப் பிடி வைத்து, அம்மா அதை மூன்றாக அறுப்பாள். ஒருத்தி படித்து முடிக்கும்வரை காத்திருக்க மற்றவர்களுக்குப் பொறுமை ஏது? ஆளுக்கொரு பாகம், பிறகு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. இதில் மூன்றாம் பாகம் முதலில் கைக்கு வந்தவள், கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் குழாயடியில் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். ‘வாய்ப்பூட்டு’ என்று அதற்குப் பெயர். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா அந்தப் பூட்டோடு படும் பாட்டைப் பார்ப்பதற்காகவே நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவேன்.

இன்று ஒரு கைப்பேசிக் குழுவில், படித்த நாவல்களைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்கிறேன், நாலு பேர் கேட்கவும் செய்கிறார்கள். அந்தத் துணிச்சல் எனக்குக் குழாயடியில் வந்தது. “அழுவாச்சிக் கததான், ஆனா நல்லா அழுவ வெச்சான்” என்று அம்மா குடும்ப நாவல்களுக்குச் சான்றிதழ் கொடுப்பாள். ஆனால் எங்கள் தெருவிலேயே ஈவிரக்கமில்லாத விமர்சகர் என் அப்பாதான். இத்தனைக்கும் அவர் ஒரு நாவலையும் படித்தவரல்ல. எஸ்டேட்டில் லோடு டெம்போ ஓட்டிய அவருக்குக் கம்பெனிப் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான் படிப்பு. அம்மா கதை சொல்லக் கேட்டே தீர்ப்பு வழங்கிவிடுவார். ராஜா கதை என்றால், “இவ்ளோ குதிர கீதே, அதுங்களுக்கு எவன் புல்லு போடறான்? அத்த எழுதனானா?” பேய்க்கதை என்றால், “பேய்க்குப் பயந்தா வேலப்பன்சாவடி பக்கம் லோடு அடிக்க முடியுமா?” துப்பறியும் கதை என்றால், “நம்ம சைக்கிள் காணாப்போனப்ப ஒருத்தனும் இப்டி யோசிக்கலியே மே!” இதையெல்லாம் படிக்கிற நேரத்தில் நாலு துணி தோய்க்கலாம் என்பது அவருடைய நிரந்தரக் கருத்து.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம், ஆவணியில் அம்மாவின் கண்ணில் இரும்பு விழுந்தது. போல்ட்டுகளுக்குப் பிசிறு எடுக்கும் ஒரு பட்டறையில் அவள் வேலை பார்த்தாள். அங்கே லோடு எடுக்கும் பழக்கத்தில் அப்பாதான் பேசிச் சேர்த்துவிட்டிருந்தார். வலது கண்ணில் ஆபரேஷன் செய்து, ஒரு கண் அசைந்தால் இன்னொன்றும் அசையும் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்வை திரும்புமா என்பது கட்டை அவிழ்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். அழக்கூடாது என்றும் உத்தரவு. அம்மா அழாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தது, அவள் அழுவதைவிட எனக்குப் பயமாக இருந்தது.

அவள் கேட்டது ஒன்றுதான், அந்த மாத நாவலைப் படித்துக் காட்டச் சொன்னாள். நான் ஆசையாக எடுக்கப் போனால், “புருஷன் பொண்டாட்டி கத, நீ படிக்கக் கூடாது” என்று அப்பாவைக் கைகாட்டிவிட்டாள். அப்பா வரிக்கு வரி மூச்சு வாங்கிப் படித்தார். வசுமதி என்று ஒருத்தி. நாத்தனார் சொன்ன பொய்யை நம்பிப் பேங்க் மேனேஜர் புருஷன் அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறான். கையில் பையோடு அவள் பிளாட்பாரத்தில் நிற்க, தூரத்தில் ரயிலின் விளக்கு தெரிவதோடு இரண்டாம் பாகம் முடிந்துபோயிற்று. மூன்றாம் பாகத்தைத் தன் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொண்டு ஸ்டெல்லா அக்கா காவிப் புடவை கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தார்.

மறுநாள் கட்டு அவிழ்க்க வேண்டும். “அந்தப் பொண்ணு ரயிலேறிச்சா இல்லியான்னு தெரியாம நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்” என்றாள் அம்மா. கேட்டால் அசட்டுப் பிடிவாதம் மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது அத்தனையும் பயம். அப்பாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். “இரு மே, ஸ்டெல்லா மூணாம் பாகத்த கஸ்தூரி ஊட்ல குடுத்துட்டுதான் போயிருக்கும்” என்று கூசாமல் புளுகிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பியவர், என் பள்ளிக்கூடப் பையிலிருந்து பூகோளப் புத்தகத்தை எடுத்து, மண்வகைகளின் படம் போட்ட பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார்.

அதுவரை இலக்கணமாகப் பேசிக்கொண்டிருந்த நாவல் திடீரென்று அம்பத்தூர் பேசத் தொடங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் திக்கியவர் இப்போது தங்குதடையில்லாமல் படித்தார்.

“ரயிலு வந்து நின்னுச்சி. வசுமதி ஏறப் போச்சி. அப்போ அவ புருஷன் டெம்போவ அப்டியே ரோட்ல போட்டுட்டு ஓடியாந்தான். ‘தப்பு என்னுதுதான் மே. அந்தப் பட்டறைல உன்ன சேத்து வுட்டதே நான்தான். ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்தனா? அத்தக்கூட செய்யல. கண்ணு தெரிஞ்சா தெரியுது, தெரியலன்னா போவுது. நான் கீறேன்ல? நான் பாத்துப் பாத்து சொல்றேன், நீ கேட்டுகினு வா.’ அப்டீன்னான்.”

வசுமதிக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அப்பாவுக்கே அது அப்போதுதான் உறைத்திருக்கும். பக்கத்தைப் புரட்டப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

“அப்பால?” என்றாள் அம்மா.

“அப்பால இன்னா, ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போய்ட்டாங்க. முற்றும்.”

“இந்த ஆளு நல்லா எழுதறான்யா” என்றாள் அம்மா. சொல்லும்போதே குரல் உடைந்தது. அழக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அப்பா பதறிப்போய் நினைவுபடுத்தினார்.

இடது கண் பழையபடி தெரிந்தது. வலது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. ஸ்டெல்லா அக்கா மாதா கோயில் எண்ணெயோடும் மூன்றாம் பாகத்தோடும் வந்தபோது, எண்ணெயை வாங்கிக்கொண்ட அம்மா, புத்தகத்தை வேண்டாம் என்றாள்.

“நான் படிச்சிட்டேன்க்கா.”

“எப்டிடி? நான் ஊட்டப் பூட்டிகினுல்ல போனேன்?”

“அவுரு படிச்சிக் காட்னாரு.”

வாசலில் டெம்போ கழுவிக்கொண்டிருந்த அப்பா, ஏற்கெனவே சுத்தமாக இருந்த டயரை இன்னும் அழுத்தித் தேய்த்தார். அந்த மூன்றாம் பாகத்தை நான் பிறகு திருட்டுத்தனமாகப் படித்தேன். வசுமதி ரயிலேறிப் போய்ப் பெரிய அதிகாரியாகிறாள், புருஷன் காலில் விழுகிறான். சுத்த அபத்தம்! அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அதுதான் என் கருத்து.

லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடியின் கார் நிறுத்தம். குழாயடி இல்லை, கிளிப்பில் நாவல் தொங்கிய கடையில் செல்போன் உறை தொங்குகிறது. நாவல் முழுசாகக் கைப்பேசிக்குள் வந்துவிடுகிறது. வாய்ப்பூட்டு என்ற ஒன்று யாருக்கும் தெரியாது, எங்கள் குழுவிலேயே முதல் வரியில் முடிவைப் போட்டு உடைக்கிறார்கள். அண்மையில் படித்த ஒரு சரித்திர நாவலில் குதிரைகளுக்கு யார் புல் போடுகிறார்கள் என்று கடைசிப் பக்கம்வரை தேடினேன், இல்லை. துப்பறியும் நாவல் ஒன்று பரவாயில்லை. ஒரு குடும்ப நாவல் மட்டும் மனசைப் பிடித்துக்கொண்டது, அதை ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், வாசலில் உட்கார்ந்தபடி அப்பா இன்னும் தீர்ப்பு வழங்குவார். அவளுடைய இடது கண்ணிலும் இப்போது புரை விழுந்திருக்கிறது, அடுத்த வாரம் ஆபரேஷன்.

நேற்று கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

“அத்த மூடி வையி” என்றாள். “உங்கப்பாவக் கூப்டு.”