அழிக்காமல் அடித்த எண்

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் காஞ்சிபுரம் வந்தேன். எந்த ஊரில் எத்தனை வீடியோ கேம் கன்சோல் விற்கிறது என்று மாதாமாதம் மதிப்பிட்டுப் போடும் இணையதளம் ஒன்று, எங்கள் பகுதிக் கணக்கை என்னை அனுப்பச் சொன்னது. பெரிய காஞ்சிபுரத்தில் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர் எனக்கு முன்பே அனுப்பிக்கொண்டிருந்தார். இன்ஜினியரிங் படித்தவர். தளத்தில் ஆளுக்கொரு பக்கம் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

நான் வாலாஜாபாத், ஐயம்பேட்டை என்று பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் அலைந்து கடை கடையாகக் கேட்டேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே போன் போட்டார். பாராட்டெல்லாம் அவருக்கு.

கோடை விடுமுறையில் வாலாஜாபாத் கடைக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்.

"பரீட்சை வந்தா கேம் பெட்டியை நம்மகிட்டயே வித்துட்டுப் போயிடுவாங்கபா, புள்ளைங்க படிக்க மாட்டேங்குதுன்னு. லீவு வுட்டதும் அதையே வாங்கிக்கினு போவாங்க."

"அதையும் சேத்தா கணக்கு சொன்னீங்க?"

"வித்தது வித்ததுதானே? புதுசான்னு நீ கேட்டியா?"

ஒரே பெட்டியை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன். மற்ற கடைகளிலும் விசாரித்தேன்; அதே கதைதான். பழைய மாதங்களைத் திறந்து எண்களைக் குறைத்தேன். காரணம் எதுவும் எழுதவில்லை. படிக்காதவன் என்பது தெரிந்துவிடும் என்று பயம்.

இரண்டு வாரம் கழித்து ரிப்பேர் கடைக்காரரின் பக்கத்தைப் பார்த்தேன். அவரும் அதே தவறைச் செய்திருந்தார். ஆனால் பழைய எண்ணை அழிக்காமல், மேலே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் புது எண்ணைப் போட்டிருந்தார். கீழே இப்படி எழுதியிருந்தார்: "பரீட்சைக்காகத் திருப்பி விற்ற பெட்டிகளையும் புது விற்பனையாக எண்ணிவிட்டேன். சில கடைகளில் இன்னும் சரியாகத் தெரியவில்லை. இதுவும் மாறலாம்."

தப்பைச் சொன்னதற்குத் தளத்தில் அத்தனை பேர் கைதட்டினார்கள். அதை முதலில் கண்டுபிடித்தவன் நான். வாயைத் திறந்தால், சத்தமில்லாமல் மாற்றியதும் வெளியே வரும்.

அதுவாகவே வந்தது. யாரோ என் பழைய பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். தளத்திலிருந்து போன் வந்தது.

"எதுக்குண்ணா நம்பரை மாத்தினீங்க?"

"பரீட்சைப் பெட்டிதான். அவருக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சதுன்னு எங்கண்ணா எழுதி இருக்குது?"

அவரை வைத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "இன்னாபா, நீதான் மொதல்ல புடிச்சியாமே? என் பக்கத்துல உன் பேரைப் போட்டுர்றேன். கடைக்கு நேர்ல போறவன் நீதான்பா. போன்ல பாதி பேரு வாய்க்கு வந்ததைச் சொல்றானுங்க. கூட வந்து வேலை செய்யேன்."

திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். "பஸ்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். நான் பஸ்ஸில் இல்லை. திரும்பக் கூப்பிடவும் இல்லை.

சொன்னபடி அவர் என் பேரைப் போட்டார். இப்போதும் மாதம் பிறந்தால் முதல் வேலையாக அவர் பக்கத்தைத் திறக்கிறேன். சொல்லாமல் மாற்றிய எண் ஒன்றாவது அகப்படுமா என்று வரி வரியாகத் தேடுகிறேன்.